கூப்பிடாமல் வந்த கை: வேலையிடக் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரு வேடிக்கை. மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்ததில் பாதிக்கு மேல் சம்பளத்தைப் பற்றியதே இல்லை. "என் வேலை இல்லாத வேலையை நான் ஏன் செய்யணும்?" என்று ஒரு பக்கம், "அவன் ஏன் செய்ய மாட்டேங்கிறான்?" என்று இன்னொரு பக்கம். சரி, மற்றக் கடிதங்களை (இபிஎஃப் சேமநிதி பற்றிக் கேட்ட ஐயா, மன்னிக்கணும்) அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் தோட்ட ஆபிசில் சின்னக் கிராணியாக (எழுத்தராக) ஆரம்பித்து, பிறகு தொழிற்சாலையில் ஆள் எடுக்கிற பிரிவில் தலைமுடி நரைத்தவன். அதனால் இரண்டு பக்கத்துக் கதையும் கொஞ்சம் தெரியும்.

கேள்வி: வணக்கம் ஐயா. செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போடுகிற எடைப்பாலத்தில் கிராணியாக 14 வருடம். மழை பெய்தால் லோரிகள் தாமதமாகத்தான் வரும். ஐந்து மணிக்கு மூட வேண்டியதை ஏழரை வரைக்கும் திறந்து வைத்திருப்பேன், யாரும் சொல்லாமலே. வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்குப் பாரம் (படிவம்) நிரப்பிக் கொடுப்பேன். புதிதாக வருகிற கிராணிகளுக்கு நான்தான் வேலை சொல்லிக் கொடுப்பது. போன வருடம் பெரிய கிராணி இடம் காலியானது. நான் சொல்லிக் கொடுத்த பையனுக்கே கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து ஐந்தடித்தால் பையைத் தூக்கிவிடுகிறேன். போன வாரம் கேட்டுக்கு வெளியே லோரி நின்று ஹார்ன் அடித்தது, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. நான் கெட்டவளாகிவிட்டேனா? (பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்)

பதில்: இல்லை தங்கச்சி. கெட்டவளாக இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

முதலில் அந்த லோரியைப் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் செய்துகொண்டிருந்தது என்ன என்று உங்கள் மேலாளருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. வெட்டின குலையில் அடிபட்ட பழங்கள் நேரமாக ஆகப் புளித்து, எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும். வெட்டி 24 மணி நேரத்துக்குள் வேக வைத்துவிட வேண்டும் என்று ஆலைக்காரர்கள் அடித்துக்கொள்வது அதற்காகத்தான், அமிலம் 5 சதவீதத்தைத் தாண்டினால் வாங்குகிறவன் முகம் சுளிப்பான், விலையைக் குறைப்பான். ஆக, மழை நாளில் நீங்கள் நின்ற அந்த இரண்டரை மணி நேரம் உங்கள் நியமனக் கடிதத்தில் இல்லை, சம்பளச் சீட்டில் இல்லை, ஆனால் ஆலையின் எண்ணெயில் இருந்தது.

இந்த மாதிரி வேலைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், தமிழில் 'நல்ல குடிமகன் நடத்தை' என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் டென்னிஸ் ஆர்கன் என்ற பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் 1983-ல் இதைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். அவர் கிளப்பிய ஒரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மனசு நிறைந்த தொழிலாளி அதிகமாக உற்பத்தி செய்வான் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அளந்து பார்த்தால் அந்தத் தொடர்பு சோப்ளாங்கியாக இருந்தது. ஏன்? உற்பத்தி பாதி இயந்திரத்தின் கையில் இருக்கிறது. லோரியில் 12 டன் பழம் இருந்தால், நீங்கள் சிரித்துக்கொண்டு நிறுத்தாலும் அழுதுகொண்டு நிறுத்தாலும் 12 டன்தான் காட்டும். மனநிலை எங்கே தெரியும் என்றால், செய்யலாம் செய்யாமலும் போகலாம், செய்யாவிட்டால் யாரும் கேட்க முடியாது என்கிற இடத்தில். ஏழரை மணி வரை கேட்டைத் திறந்து வைப்பது அந்த இடம்.

1995-ல் ஆர்கனும் கேத்ரின் ரயானும் அதுவரை வந்த 55 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். வேலையில் திருப்தி, நியாயமாக நடத்துகிறார்கள் என்ற எண்ணம், நிறுவனத்தின் மேல் ஒட்டுதல், மேலதிகாரியின் ஆதரவு, இவைதான் ஒருவர் வலிய வந்து உதவுவாரா என்பதை ஓரளவு சொல்கின்றன. பிறவிக் குணத்தின் பங்கு நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. இதை நீங்கள் திரும்ப ஒருமுறை படிக்கணும். 14 வருடம் நீங்கள் உதவியது உங்கள் தங்கமான குணத்தால் மட்டுமில்லை, இப்போது நிறுத்தியது குணம் கெட்டதாலும் இல்லை. "இது என் இடம், என்னை மதிக்கிறார்கள்" என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்த நினைப்பு ஒரே நாளில் உடைந்தது.

எது உடைத்தது? பதவி கிடைக்காததா? உங்கள் கடிதத்தில் பதவியைப் பற்றி ஒரு வரி, "யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை" என்பதற்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு. 1991-ல் ராபர்ட் மூர்மன் நியாயத்தை வகை வகையாகப் பிரித்து, எது உதவும் மனசோடு சம்பந்தப்பட்டது என்று பார்த்தார். கடைசியில் நின்றது ஒன்றுதான்: அந்த முடிவைச் சொல்கிறபோது மேலதிகாரி மனிதனை மனிதனாக நடத்தினாரா என்பது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். 2005-ல் மாடலின் ஹைல்மனும் ஜூலி சென்னும் செய்த சோதனையில், வேலையிடத்தில் உதவி செய்கிற ஆணுக்கு மதிப்பெண் ஏறியது, அதே உதவியைச் செய்த பெண்ணுக்கு ஏறவில்லை. உதவாமல் போனால் பெண்ணுக்கு மதிப்பெண் குறைந்தது, ஆணுக்குக் குறையவில்லை. அதாவது ஆம்பளை செய்தால் பெரிய மனசு, பொம்பளை செய்தால் அது அவள் வேலைதானே. உங்கள் ஆலையில் அதுதான் நடந்தது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. ஆனால் பாரம் நிரப்பிக் கொடுத்தது, பையனுக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் எந்த மதிப்பீட்டுத் தாளிலாவது ஏறியதா என்று போய்ப் பாருங்கள்.

இப்போது என்ன செய்வது? நீங்கள் பாட்டுக்குச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டீர்கள். அந்தச் சத்தமில்லாமைதான் பிரச்சினை. உங்களுக்கு அது ஒரு பதிலடி, அவர்களுக்கோ "அந்த அம்மாவுக்கு இப்போ என்னமோ ஆயிடுச்சு", அவ்வளவுதான். மேலாளரிடம் நேரம் கேட்டு உட்காருங்கள். ஏன் எனக்கு இல்லை, அடுத்த தடவைக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், கேட்டதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். மழை நாளில் எடைப்பாலம் ஏழரை வரை வேண்டுமென்றால் அதை ஓ.டி.யாகப் போடச் சொல்லுங்கள், அது இனிமேல் உதவி இல்லை, வேலை. பாரம் நிரப்பிக் கொடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பது என் ஆசை. அந்தத் தொழிலாளிகள் உங்களுக்கு என்ன செய்தார்கள் பாவம்.

கேள்வி: ஐயா, பலகை தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எனக்குக் கீழே 18 பேர். வயசானவர்கள் நாலு பேர், அவர்கள் தங்கமானவர்கள். மற்றது எல்லாம் சின்னப் பையன்கள். ஐந்து மணிக்கு மணி அடித்தால் கையில் இருக்கிற பலகையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறார்கள். பக்கத்து மெஷினில் ஒருவன் தடுமாறினாலும் போனைத்தான் நோண்டுகிறார்கள். போன வருடம் வருகை அலவன்ஸைக் குறைத்ததிலிருந்து இன்னும் மோசம். அதைக் கேட்டால் நோட்டீஸ் போர்டில்தான் போட்டோமே என்று ஆபிஸ் சொல்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எட்டிடியூட்டே சரியில்லை. எப்படித் திருத்துவது? (சூப்பர்வைசர், லிந்தாங் சாலை)

பதில்: தம்பி, நோயையும் எழுதிவிட்டு, காரணத்தையும் எழுதிவிட்டு, கடைசியில் வைத்தியம் கேட்டிருக்கிறீர்கள். காரணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இரண்டு விஷயத்தைப் பிரியுங்கள். ஐந்து மணிக்கு மேல் நிற்பது வேறு, பக்கத்து மெஷின்காரனுக்குக் கை கொடுப்பது வேறு. 1955 வேலைச் சட்டத்தைத் திருத்தி 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வைத்தாயிற்று, அதற்கு முன்பு 48. மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட சம்பளக்காரனை நேரத்துக்கு மேல் நிற்க வைத்தால் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு கொடுக்கணும். உங்கள் பையன்கள் எல்லாரும் அந்தக் கணக்குக்குள்தான் வருவார்கள். காசில்லாமல் நில்லு என்பதற்கு உதவி மனப்பான்மை என்று பெயர் சூட்டினால், பையன்கள் ஓடுவது எட்டிடியூட் கோளாறு இல்லை, கணக்குத் தெரிந்திருக்கிறது. பலகையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவதையும், ஆள் தடுமாறும்போது போனை நோண்டுவதையும் மட்டும் பேசுவோம், அது நியாயமான புகார்.

அந்தப் புகார் சும்மா மனசு சம்பந்தப்பட்டதும் இல்லை. 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்கக் காகித ஆலை ஒன்றில் 40 இயந்திரக் குழுக்களைப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொள்கிற குழுக்களில் உற்பத்தியும் கூட, தரமும் கூட. உங்கள் தொழிற்சாலையும் கிட்டத்தட்ட அந்த இனம்தானே, மரம் உள்ளே போய் வேறு ரூபத்தில் வெளியே வருகிறது.

இப்போது அந்த அலவன்ஸ். அதை எழுதும்போது போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தின் முதுகெலும்பே அதுதான். ஜெரால்ட் கிரீன்பெர்க் என்பவர் 1990-ல் எழுதிய கதை ஒன்று. ஒரே கம்பெனிக்கு மூன்று ஆலைகள். ஒப்பந்தம் கைவிட்டுப் போனதால் இரண்டு ஆலைகளில் 10 வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டினார்கள். ஓர் ஆலையில் மேலிடத்து ஆள் நேரில் வந்து, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். இன்னோர் ஆலையில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதில் வெட்டே இல்லை. வெட்டு ஒரே அளவுதான். ஆனால் கால் மணி நேரம் பேசின ஆலையில் பொருள்கள் களவு போனது தாறுமாறாக ஏறியது, விளக்கம் சொன்ன இடத்தில் அந்த அளவுக்கு இல்லை. உங்கள் பையன்கள் களவெடுக்கவில்லை, கை கொடுப்பதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு வகையில் மரியாதையான பிள்ளைகள்.

நோட்டீஸ் போர்டு விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு, அதனால்தான் இவ்வளவு சூடாக எழுதுகிறேன். நான் இருந்த தொழிற்சாலையிலும் ஒரு தடவை சாப்பாட்டுக் காசைக் குறைத்தார்கள். நாலு வரித் தாள், அதை அடித்தவன் நான், குண்டூசி குத்தினவனும் நான். அடுத்த வாரம் கன்டீன் பக்கம் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் யாராவது ஒருவர் வந்து "அண்ணே, பைப்பு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வாரம் 200 பேர் அதைத் தாண்டிப் போனார்கள். தண்ணீர் பில் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்புறம் அந்த நாலு தங்கமான பெரியவர்கள். அவர்களைக் காட்டி இவர்களைத் திட்டாதீர்கள். நீண்ட காலம் ஒரே இடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அந்த இடத்தை நேசிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஜான் மேயரும் நடாலி ஆலனும் 1991-ல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: பிடித்திருப்பதால் இருப்பவர், விட்டுப் போவது நன்றியில்லை என்று இருப்பவர், போனால் வேறு வழியில்லை என்று இருப்பவர். கடைசி வகை ஆட்களிடமிருந்து வலிய வருகிற உதவியை எதிர்பார்க்க முடியாது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. உங்கள் பெரியவர்கள் முதல் வகையாகவே இருக்கட்டும். பையன்கள் எந்த வகை? எல்லாம் முகவர் மூலமாக வந்தவர்களா, ஆறு மாத ஒப்பந்தமா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

திருத்துவது எப்படி என்று கேட்டீர்கள். அலவன்ஸ் உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆனால் ஏன் குறைத்தார்கள் என்று ஆபிசில் கேட்டு வந்து, மெஷினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் அவர்களிடம் தமிழிலோ மலாயிலோ வாயால் சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். அடுத்த முறை எவனாவது பக்கத்து மெஷினுக்குப் போய்க் கை கொடுத்தால், அந்த நேரத்தில் அவன் மெஷினில் குறைந்த எண்ணிக்கைக்காக அவனையே போட்டு வறுக்காதீர்கள். சூப்பர்வைசர்கள் இதைத்தான் அதிகம் செய்கிறார்கள், நீங்களும் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் மாதத்தில் ஒரு ஞாயிறு கோத்தோங் ரோயோங் (கூட்டு வேலை). புல் வெட்டணும், சாயம் அடிக்கணும். வராதவர்கள் பெயரை வாட்ஸ்அப் புலனத்தில் போடுகிறார்கள். தன்னார்வமாம்! (எஸ்., கோலா கங்சார்)

பதில்: கோத்தோங் ரோயோங் என்பது கம்பத்தில் (கிராமத்தில்) கல்யாணப் பந்தல் போடக் கூடுவதற்கு உள்ள அழகான சொல். அதைக் கொண்டுபோய் வருகைப் பதிவேட்டில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? இஸ்ரேலில் எரான் விகோடா-காடோட் என்பவர் இதையே ஆராய்ந்தார், 'கட்டாயக் குடிமகன் நடத்தை' என்று பெயரும் வைத்தார். 2007-ல் அவர் பள்ளி ஆசிரியர்களிடம் பார்த்ததில், இப்படி நெருக்கித் தள்ளி வாங்குகிற 'தொண்டு' அதிகமுள்ள இடத்தில் மன அழுத்தமும் சோர்வும் கூடுதல், வேலையை விட்டுப் போகிற எண்ணமும் கூடுதல், திருப்தி குறைவு. நிர்வாகத்துக்கு இதில் என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. புல் வெட்ட ஆள் வைத்தால் எவ்வளவு ஆகிவிடும்?

சட்டப்படி, ஓய்வு நாளில் வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுதான் பொது விதி. நிற்காமல் ஓடுகிற ஷிப்டு வேலை, விபத்து என்று சில விலக்குகள் உண்டு, புல் அதில் வராது. ஓய்வு நாளில் செய்த வேலைக்கும் தனிச் சம்பளக் கணக்கு உண்டு. தனியாகப் போய் மோத வேண்டாம், நாலைந்து பேராகப் போய், "இது வேலையா, விருப்பமா, எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். வேலை என்று எழுதினால் காசு வரும், விருப்பம் என்று எழுதினால் தூங்கலாம். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

கேள்வி: என் பக்கத்தில் ஒருத்தன் மானேஜர் தலை தெரிந்தால் மட்டும் எல்லாருக்கும் பெட்டி தூக்குகிறான். மற்ற நேரம் கூப்பிட்டாலும் காது கேட்காது. இவன் நல்லவனா நடிகனா? (கவனித்துக்கொண்டிருப்பவன், செம்மோர்)

பதில்: ரெண்டும்தான்! பெட்டி தூக்கப்படுகிறதே, அது வரைக்கும் லாபம்.

விளையாட்டு இல்லை, இதையும் அளந்திருக்கிறார்கள். 2000-ல் வந்த ஓர் ஆய்வு, ஒரு பன்னாட்டு வங்கியின் காசாளர்களைப் பதவி உயர்வுக்கு முன்னும் பின்னும் பார்த்தது. உதவி செய்தால் பதவி வரும் என்று நம்பினவர்கள் முன்னால் ஓடியாடி உதவினார்கள், பதவியும் அவர்களுக்கே பெரும்பாலும் கிடைத்தது, கிடைத்த பிறகு அப்படி நினைத்தவர்கள் கையை மடக்கிக்கொண்டார்கள். ஆக உங்கள் ஆளுக்குப் பதவி வந்தபின் பெட்டியை நீங்கள்தான் தூக்கணும், இப்போதே முதுகைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், அவன் உண்மையாகவே உதவிய ஒரு நாள் கூட உங்கள் கண்ணில் படவில்லையா? கவனித்துக்கொண்டே இருப்பவர்களுக்குச் சில சமயம் ஒரு பக்கம்தான் தெரியும்.

கேள்வி: எனக்கு 71 வயசு. ஜாலோங் பக்கம் 30 வருடம் பால்மரம் (ரப்பர்) சீவினேன். எங்கள் காலத்தில் யாரும் யாரிடமும் உதவி கேட்டதில்லை, தானாக வந்து நிற்பார்கள். என் பேரன் தொழிற்சாலையில் ஒரு வருடமாக இருக்கிறான், பக்கத்தில் நிற்கிறவன் பேர் கூடத் தெரியாது என்கிறான். மனுஷ ஜாதியே மாறிப்போச்சா தம்பி? இதற்கெல்லாம் ஆராய்ச்சி வேறு பண்ணுகிறார்களாமே. (ஒரு பாட்டி)

பதில்: அம்மா, பேரனிடம் இதைக் கேளுங்கள்: இந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை ஷிப்டு மாற்றினார்கள், எத்தனை தடவை வேறு லைனில் கொண்டுபோய் நிறுத்தினார்கள், பக்கத்தில் நின்ற எத்தனை பேர் ஒப்பந்தம் முடிந்து போனார்கள். நீங்கள் 30 வருடம் ஒரே பெரட்டில் (காலை ஆள் கணக்கில்) நின்று பேர் கொடுத்தீர்கள், ஒரே லயத்தில் குடியிருந்தீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டால் உங்கள் வீட்டு வேப்பிலைதான் போனது. இன்றைக்கு நான் உன் மர நிரையை முடித்துக் கொடுத்தால் நாளைக்கு நீ என் நிரையை முடிப்பாய் என்ற நம்பிக்கைக்கு நாளை என்று ஒன்று வேண்டுமே. பேரனுக்கு அந்த நாளையைத் தொழிற்சாலை தரவில்லை. மனுஷ ஜாதி அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் உங்கள் காலத்தைப் பற்றி ஒன்று சொல்லணும், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். வில்லியம்ஸ், ஆண்டர்சன் என்று இரண்டு பேர் 1991-ல் இந்த உதவியை இரண்டாகப் பிரித்தார்கள். கூட வேலை செய்கிற மனுஷனுக்குச் செய்வது ஒன்று, நிறுவனத்துக்குச் செய்வது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கும் என்று கட்டாயமில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஆராய்ச்சி ஞாபகம் வரவில்லை, எங்கள் அம்மா ஞாபகம்தான் வந்தது.

அம்மாவும் பால்மரம் சீவினவர்தான், எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். மழை இருட்டிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லணுமா? பால் வடிகிற மங்கில் தண்ணீர் இறங்கினால் அன்றைய பால் போச்சு, கூலியும் போச்சு. பக்கத்து நிரையில் ஒரு அக்கா, ஏழு மாதம். இடி இடித்த உடனே அம்மா தன் வாளியைக் கீழே வைத்துவிட்டு முதலில் அந்த அக்காவின் மரங்களுக்குத்தான் ஓடுவார், அங்கே சரிவாக இருக்கும், அவளால் இறங்க முடியாது என்று. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். அம்மாவின் சொந்த மங்குகள் நனைந்து போனதை இரண்டு தடவையாவது கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு இருக்காது.

அதே அம்மா. அந்தத் தோட்டத்துப் பால் ஸ்டோரில் எடை போடுகிறவர் முள் நிற்பதற்குள் எழுதிவிடுவார், எப்போதும் குறைத்துத்தான் எழுதுவார். கேட்டவர்களுக்கு மறுநாள் மேட்டு நிரை கிடைக்கும், அதனால் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஒரு நாள் வரிசையில் நிற்கிறோம். பெரிய தொட்டிக்குக் கீழே குழாய் மூட்டு விட்டுப்போய், பால் வெள்ளையாகக் கோடு போட்டுக்கொண்டு சாக்கடைக்குப் போகிறது. நவச்சார (அம்மோனியா) வாடை மூக்கைத் துளைக்கிறது. வாளியோடு பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், எல்லாரும் பார்க்கிறார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போது ஆறாம் வகுப்பு. அம்மா கையை இழுத்து, "மா, பால் ஓடுது, சொல்லு" என்றேன்.

அம்மா வாளியை ஓரடி முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, "அது நம்ம பாலாடா?" என்றார்.